ஆறாந் திருமுறையும் சித்தாந்த சைவமும்

செஞ்சியைச் சார்ந்த மண்டகப்பட்டில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலொன்று உளது. அவ்வூரார் அதனைத் தூணாண்டார் கோயில் என வழங்குவர். ஆங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, விசித்திரசித்தன் என்னும் விருதுப்பெயர் பூண்ட அவ்வேந்தன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிப் பிரமன், ஈசுவரன், விட்டுணு என்னும் மூவர்க்கும் அவ்வில்லத்தை ஆக்குவித்தான் என்று தெரிவிக்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த தமிழ்நாட்டுத் தச்சர்க்கு அந்நான்கு பொருளும் இன்றிக் கோயில் எழும் என்பது புதுமையே. நான்கையும் நீக்கிய பின்னும் கோயில் கோயிலாகவே நின்றமையின், அவை கோயிற்றன்மைக்கு இன்றியமையாதன அல்ல என்பது பெறப்பட்டது. இன்று அம்மூன்று அறைகளும் திருவுருவின்றி வெறுமையாய் உள்ளன. அவ்வுருவுகளும் நீங்கியபின் எஞ்சியது யாது என்பது அடுத்து எழும் வினா.

ஒன்றினின்று ஒன்றை நீக்கிக்கொண்டே சென்று, நீக்கவொண்ணாதது யாது எனக் காணும் இம்முறை கற்பணிக்கே உரியதன்று, சமயத்திற்கும் உரியது. பழைய தென்னார்க்காட்டு நிலத்திலேயே, பன்னிரண்டு நூற்றாண்டு கழிந்தபின், சமயத்தின்மேல் அதனை நிகழ்த்தியவர் வடலூர் இராமலிங்க அடிகள். சாதியும் ஆசிரமமும் வேண்டா என்றார். கருமாதியும் திதியும் வேண்டா என்றார். பிணத்தைச் சுடாது புதைக்க என்றார். கணவனை இழந்தாள் தாலி களைதல் வேண்டா என்றார். முடிவில் வேதம் ஆகமம் புராணம் இதிகாசம் என்னும் இவற்றிலும், சைவம் வைணவம் முதலிய சமயங்களிலும், வேதாந்தம் சித்தாந்தம் என்னும் மதங்களிலும் இலக்கியம் வைத்தல் வேண்டா என்றார். சித்தாந்தம் என்னும் பெயரும் அவ்வரிசையில் நிற்றலின், நாம் இதனைப் பிறர் வழக்கென்று ஒதுக்கி இருத்தல் இயலாது.

நம்மவருள் அடிகளைப் பற்றி இருவகைக் கொள்கையினர் உளர். ஒருசாரார், அவரைச் சைவத் துரோகி என்று நூற்றைம்பது ஆண்டாகத் தள்ளி வருகின்றனர். மற்றொருசாரார், கந்தகோட்டத்து முருகன்மீதும் ஒற்றியூர்ப் பெருமான்மீதும் அவர் பாடிய பாக்களைப் பூசைக்காலத்து உருகிப் பாடி, ஆறாந் திருமுறையைக் கையாலும் தொடார். முன்னையோர் செயல் வன்மை. பின்னையோர் செயல் கரவு. ஒருவர் கூறியதில் நமக்கு இனியதை எடுத்துக்கொண்டு, நம்மை வினாவியதை மறைத்துவிடுதல் ஆராய்ச்சியும் ஆகாது, அன்பும் ஆகாது. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் உலகாயதன் கூற்றை அவனே மகிழுமாறு விரித்துரைத்து அதன்பின்னரன்றோ மறுக்கப் புகுந்தார்? அவ்வழி நின்று நாமும் அடிகள் கூற்றை முதற்கண் முழுதும் கேட்டல் முறையாம்.

அடிகள் சிதம்பரத்தையடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் தோன்றினார். இளமையிற் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வளர்ந்தார். 1851இல் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார் என்பதொன்றே, அவர் சைவ ஞானநூல்களில் எத்துணைப் பழகியவர் என்பதற்குச் சான்று. 1858இல் சென்னையை விட்டுச் சிதம்பரப் பக்கம் வந்து கருங்குழியில் உறைந்தார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 மே 23ஆம் நாள் வடலூரிற் சத்திய தருமச்சாலை தொடங்கினார். அவ்வூரார் உவந்தளித்த 80 காணி நிலத்தில் அஃது எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது. 1872 சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே சங்கத்தின் பெயரினின்று வேதம் என்னுஞ் சொல் நீங்கிச் சுத்தம் என்பது புகுந்தது. பெயர்மாற்றம் சிறிதெனினும், அவர் கருத்துச் சென்ற வழியை அது காட்டும். 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்திற் சன்மார்க்கக் கொடி ஏற்றி நிகழ்த்திய பேருரையில், முன்னர்த் தமக்குச் சைவத்தில் இருந்த பற்று அளவிடற்கரியது என்றும், அது பின்னர் நழுவிற்று என்றும் அவரே கூறினார். 1874 சனவரி 30ஆம் நாள் சித்திவளாகத்து அறையுட் புகுந்தார், மீண்டிலர்.

இனி, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தொடுத்த வாதத்தைச் சிறிது நோக்குவாம். தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் அடிகள் பாடல்களின் முதல் நான்கு பகுதிகளைத் திருவருட்பா என்னும் பெயரால் வெளியிட்டனர். அருட்பா என்பது தேவார திருவாசகங்கட்கே உரிய பெயர், திருமுறை என்பதும் அவ்வாறே, எனக் கொண்ட நாவலர் 1869இல் போலியருட்பா மறுப்பை வெளியிட்டார். அவ்வாண்டே மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் வழக்கும் நிகழ்ந்தது. அவ்விருவர்க்குப் பின்னும் கதிரைவேற்பிள்ளை ஒருபக்கமும், செய்குத்தம்பிப் பாவலரும் மறைமலையடிகளும் மறுபக்கமும் நின்று சொற்போர் தொடர்ந்தமை யாவரும் அறிந்தது. ஓர் இசுலாமியப் புலவர் அருட்பாவிற்காக வாதாடினார் என்பதனை வியவாதார் இலர்.

இங்கே பெரும்பாலார் நோக்காத காலக்கணக்கு ஒன்றுளது. ஐந்தாந் திருமுறை அச்சேறியது 1880இல். ஆறாந் திருமுறை அச்சேறியது 1885இல். நாவலர் சிவபதம் அடைந்ததோ 1879 டிசம்பர் 5ஆம் நாள். ஆகவே அவர் 1869இல் மறுத்தது ஆறாந் திருமுறையை அன்று. பெயரையும் பெருமை பேசுதலையும் பற்றியே அவ்வாதம் பெரிதும் நிகழ்ந்தது. சமயம் வேண்டா, சாத்திரம் வேண்டா, சாதி வேண்டா என்னும் உண்மையான அறைகூவல் அச்சில் வந்தபொழுது, அதனை எதிர்கொள்ளத் தக்க அப்பெரியார் இவ்வுலகில் இலர். இருந்திருப்பின் வாதம் எவ்வாறு சென்றிருக்கும் என்று எண்ணுந்தோறும் நமக்கு ஏக்கமே மிகும்.

அறைகூவலின் நடுநாடி யாது? பாடல்களினும் அவருடைய உரைநடையாகிய சீவகாருணிய ஒழுக்கத்திலேயே அது தெளிவாக விளங்கும். கடவுள் அருளைப் பெறுதற்கு வாயில் உயிரிரக்கம் ஒன்றே. ஏனைய ஞானம், யோகம், தவம், விரதம், செபம், தியானம் என்பன எல்லாம் அஃதில்வழிப் பயன்படா என்பது அந்நூற்கொள்கை. உயிர்கள் எய்தும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என வகுத்து, அவற்றுட் பசியையும் கொலையையும் நீக்குதல் பரசீவகாருணியம் என்றும், ஏனையவற்றை நீக்குதல் அபரம் என்றும் பிரித்தார். பசித்தவனைக் கண்டவழி அவன் தேசம் யாது, சமயம் யாது, சாதி யாது, செய்கை யாது என்று ஆராயாது ஊட்டுக என்றார். புலாலுண்பாரைப் புறவினத்தார் என்று விலக்கியவர், அவர்க்கும் பசிநீக்கல் மாத்திரம் செய்க என்று வகுத்தமையும் நோக்கத்தக்கது.

அந்நூலில் நமக்கு மிக இனிதாய்த் தோன்றுவது பசியைப் பற்றிய ஆராய்ச்சி. பசி வெறுந்துன்பம் அன்று. அஃது அருள் தந்த ஓர் உபகாரக் கருவி என்கின்றார். பசி இல்லையேல் ஒருவரை ஒருவர் எதிர்பாரார். எதிர்பாராவழி உபகாரம் நிகழாது. உபகாரம் நிகழாவழி இரக்கம் விளங்காது. இரக்கம் விளங்காவழி அருளும் கைகூடாது. ஆதலால் ஒருவன் பசி மற்றொருவன் வீடுபேற்றிற்கு வாயிலாகின்றது. ஆணவம் நீங்குதற்கு மாயையையும் கன்மத்தையும் இறைவன் கூட்டினான், அழுக்கை அழுக்கால் நீக்கும் வண்ணான் போல, என்று பயின்ற சித்தாந்த மாணாக்கனுக்கு இக்கூற்று முற்றும் புதியதன்று. துன்பத்தைக் கருவியாகக் காணும் கண் நம் ஆசிரியன்மார் தந்ததே. ஆயினும் அக்கண்ணைச் சோற்றுப் பானையின்மேற் செலுத்தியவர் அடிகள் என்பதனை மறுத்தல் ஆகாது.

அதனினும் கூர்மையானது கன்மம் பற்றிய தடையும் விடையும். ஒருவன் பசித்திருத்தல் அவன் முன்செய்த வினையால் எனின், அதனை நீக்கப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ என்பது தடை. இதனைக் கூறிக் கைகட்டி இருப்பார் நம்முட் பலர்; இது சைவசித்தாந்தமே என்று எண்ணியும் இருக்கின்றனர். அடிகள் விடை எளிது. அரசன் தன் ஆணைக்கு மாறாகப் பெருங்குற்றம் செய்தாரையும் சிறையிலிட்டு, அச்சிறையிலும் தன் ஏவலரைக்கொண்டு உணவு கொடுப்பிக்கின்றான். அவ்வேவலர் உணவு கொடுத்தல் அரசாணைக்கு மாறன்று, ஆணையே. அதுபோல, வினையால் துன்புறும் உயிர்க்கு ஊட்டுவாரும் இறைவன் ஆணை வழியே ஊட்டுகின்றனர்.

சித்தாந்த நெறியில் நின்று இதனை ஆராயின், விடை செல்லுமா? செல்லும் என்பதே எம் துணிபு. வினை சடம், அது தானே பயன் ஊட்டாது, ஊட்டுவான் இறைவன். அவன் ஊட்டுவதும் ஒறுத்தற்பொருட்டன்று, மலம் நீக்கற்பொருட்டு. அவனது மறக்கருணையும் கருணையே. அற்றாக, பசியை வினைவழி நிறுத்தியவனே பசிதீர்ப்பானையும் அவன்முன் நிறுத்தினான் என்று கொள்வதிற் குற்றம் யாது? பசித்தவன் வினையை அறிந்தவன் போலப் பேசி, தன்பால் வந்த ஏவலைச் செய்யாது விடுபவனே ஆணையை மீறினான் ஆவன். வினைக்கொள்கையை வன்னெஞ்சிற்கு அரணாக்கிக்கொண்டது சித்தாந்தத்தின் பிழையன்று, சித்தாந்திகளின் பிழை. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலத்து, திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் இது நாட்டார் வினை என்று வாளாவிருந்திலர். நாள்தோறும் பெற்ற படிக்காசுகொண்டு அமுதளித்தனர் என்பது நம் புராணம்.

எனினும் வேறுபாடும் உளது. நம் திருமடங்களின் மாகேசுவர பூசை அடியார்க்கு ஊட்டுவது. திருவேடத்தைச் சிவனெனக் கண்டு ஊட்டுவது. வடலூர்ச் சாலை பசியை மாத்திரம் கண்டு ஊட்டுவது. முன்னதிற் கொள்பவன் உயர்ந்தவன், கொடுப்பவன் தொண்டன். பின்னதில் இருவரும் ஒரு தந்தையின் மக்கள், ஆதலால் உடன்பிறந்தார். அடிகள் இரக்கத்திற்குக் காட்டிய காரணமும் அதுவே: எல்லா உயிரும் ஒரே இறைவனால் ஒரே தன்மையவாய் ஆக்கப்பெற்றமையின் உரிமைச் சகோதரர் என்பது. உயிர்கள் ஆக்கப்பட்டன என்னும் சொல்லைச் சித்தாந்தி ஏலான், பசு அநாதி. ஆனால் உயிர்கள் எல்லாம் ஒரே பதிக்கு அடிமை என்பது அவனுக்கும் உடன்பாடே. அவ்வுடன்பாட்டினின்று பிறக்கும் கடப்பாட்டை நாம் அடியார்க் கூட்டத்தோடு நிறுத்திக்கொண்டதற்குச் சாத்திரச் சான்று எங்கே என்று அடிகள் வினாவின், விடை கூறுதல் அரிது.

சாதியைப் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. குலமும் கோத்திரமும் பற்றிக்கொண்டு திரிவாரை நாவுக்கரசரே இகழ்ந்துள்ளார். திருமூலர் கொள்கையும் வெளிப்படை. நாளைப்போவாரும் நீலகண்ட யாழ்ப்பாணரும் திருக்கூட்டத்தில் உள்ளனர். நூலில் உள்ளது நடையில் இல்லை. தில்லைத் திருவாயிலில் நாளைப்போவாரின் திருவுருவை வணங்கிக்கொண்டே அவர் குலத்தாரை நெடுங்காலம் புறத்தே நிறுத்தினோம். இவ்விடத்து அடிகள் நம்மை மறுத்தார் என்பதினும் நம் நூலை நமக்கு நினைவூட்டினார் என்பதே பொருந்தும். ஞானசபை விளக்கைத் துடைத்து இடுதற்கு அவர் வகுத்த தகுதி சாதியன்று, வயது: பன்னிரண்டிற்கு உட்பட்டவரோ, எழுபத்திரண்டிற்கு மேற்பட்டவரோ ஆதல் வேண்டும் என்றார்.

இனி அளவை. சாத்திரத்தில் இலக்கியம் வையற்க என்பவர் தம் கொள்கைக்கு எதனை அளவையாகக் கொண்டார்? தம் அநுபவத்தையே கொண்டார். இறைவன் தமக்கு நேரே உணர்த்தினான் என்பதே ஆறாந் திருமுறையின் மூச்சு. காண்டல் கருதல் உரை என்னும் மூன்றனுள் உரையை நீக்கி, அநுபவம் ஒன்றனையே வைத்தல் எத்துணை உறுதியுடையது? இதற்கு மேனாட்டினின்று ஒரு சான்று காட்டுவாம். செருமானிய நாட்டு நீட்சே என்பார் 1844இற் பிறந்து 1900இல் இறந்தவர். கிறித்தவ குரு ஒருவரின் மகனார். 1882இல் வெளிவந்த நூலொன்றில், கடவுள் இறந்தார் என ஒரு பித்தன் சந்தையிற் கூவுவதாக எழுதினார். அறவொழுக்கத்தின் பிறப்பை ஆராய்ந்து 1887இல் எழுதிய நூலில், இரக்கம் என்பது உயர்ந்ததுதானா என்றே ஐயுற்றார்; எளியோர் வலியோரைக் கட்டுதற்கு ஆக்கிக்கொண்ட அறம் அது என்னுமாறு அவர் வாதம் சென்றது. 1882ஆம் ஆண்டே சென்னையில் தத்துவ விவேசினி என்னும் இதழ் தொடங்கி 1888 வரை கடவுண்மறுப்பைத் தமிழிற் பரப்பிற்று என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

நீட்சேயும் பழைய கற்பலகைகளை உடைத்தார். அடிகளும் சாத்திரக் குப்பையைத் தள்ளினார். ஆயின் ஒருவர் உடைத்தபின் எஞ்சியது வலிமைவேட்கை. மற்றவர் தள்ளியபின் எஞ்சியது தனிப்பெருங்கருணை. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? முன்னவர் பதியையும் சேர்த்து நீக்கினார். பதி நீங்கியவழிப் பசுவின் இச்சை தானே அரசாயிற்று. அதனை நாம் ஆணவம் என்போம், அவர் அதனையே ஏற்றம் என்பார். அடிகளோ எதனை நீக்கினும் பதியை நீக்கிலர். உயிர்கள் பல, பதி ஒன்று என்பதனையும் நீக்கிலர். அவர் இரக்கம் நிற்பது அத்தூணின்மேல். அத்தூண் அவர்க்கு எவ்வழி வந்தது? இளமை முதல் அவர் ஓதிய திருமுறைகளும் ஞானநூல்களும் தந்தன என்பது எம் கருத்து. ஏணியால் ஏறியவர் ஏணியைத் தள்ளலாம். ஏறாதார்க்கு அது வேண்டும். சுருதி, யுத்தி, அநுபவம் மூன்றும் ஒத்தவழியே துணிபு என்று நம் ஆசிரியர் வரைந்தமை, அநுபவத்தைச் சிறுமைசெய்தற்கன்று. ஒருவர் அநுபவத்தோடு மற்றொருவர் அநுபவம் முரணியவழி நடுவுநிற்பது ஒன்று வேண்டும் என்றற்கு.

அடிகளோடு சித்தாந்தம் உண்மையாகவே மாறுபடும் இடம் சாதியுமன்று, சடங்குமன்று; முத்தி. அதனை இரண்டாகக் காண்க. உடம்பு ஒளியுடம்பாகி இறவாது நிற்றலே பேறு என்பது ஆறாந் திருமுறை. பிராரத்தம் நுகர்ந்து தீர்ந்தவழி உடம்பு நீங்கும் என்பது சித்தாந்தம். இங்கே நகையாடுவார் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். நல்லூர்ப் பெருமணத்தில் ஞானசம்பந்தர் மணங்காண வந்தாரோடும் சோதியுட் புக்கதும், மணிவாசகர் தில்லையிற் கலந்ததும் நாம் நாடோறும் போற்றுவன. சோதியுட் கலத்தலை நம்பி, சோதியுடம்பை நகுதல் பொருந்துமாறு இல்லை. வேறுபாடு யாதெனின், நாம் அவற்றைத் திருவருள் சிலர்க்குச் செய்த தனிச்சிறப்பாகக் கொள்கின்றோம். அடிகள் அதனை எல்லார்க்கும் உரிய பொதுப்பேறாக வைத்து அழைக்கின்றார். இறத்தலை இயல்பென்று ஏற்றுப் பழகிய நமக்கு அவ்வழைப்பு அச்சந் தருவதே.

இரண்டாவது, ஐந்தொழில். படைத்தல் முதலிய ஐந்தொழிலும் இறைவன் தமக்கு ஈந்தான் என அடிகள் பாடுகின்றார். இதனைச் சித்தாந்தம் ஒருவாற்றானும் ஏலாது. முத்தியில் உயிர் சிவானந்தம் நுகரும். சிவன் தொழிலைச் செய்யாது. முத்தர் சிவனோடு ஒத்து ஐந்தொழில் இயற்றுவர் என்ற சிவசமவாதியை உமாபதி சிவாசாரியார் சங்கற்பநிராகரணத்தில் முன்னரே மறுத்துள்ளார். அடிமை என்றும் அடிமையே. அதுவே அதற்கு இன்பம். அடிகள்பால் எத்துணை அன்புடையார்க்கும் இவ்விடத்து இரண்டுபட நிற்றல் இயலாது. அவை அருளில் மூழ்கினார் கூற்று, அவசத்திற் கூறியன என்று மழுப்புவாரும் உளர். அடிகள் அவ்வாறு கூறிலர். தாம் கூறியதனைத் தாம் கூறியவாறே கொள்க என்று விரும்பினார்க்கு நாம் செய்யும் மதிப்பு, அதனை அவ்வாறே கொண்டு மறுத்தல்.

எஞ்சியது கோயில். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவிய சீவன்முத்தனும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுவான் என்கின்றது. ஆலய வழிபாடு கீழ்ப்படியாருக்கு மாத்திரம் உரியதன்று என்பது இதன் கருத்து. ஞானசபையில் அடிகள் வைத்தது திருவுருவன்று. ஏழு திரைகளுக்கு அப்பால் விளங்கும் சோதி. ஆகம முறையான அபிடேக நைவேத்தியங்கள் அவர் கருத்தில் இல்லை. பிற்காலத்து அச்சபையிற் சிவலிங்கம் வைத்து ஆகமப்படி பூசித்தமை வழக்காயிற்று. வள்ளலார் வகுத்தவாறே வழிபாடு நிகழ்தல் வேண்டும் என 2006இல் அறநிலையத்துறை கட்டளையிட, 2010இற் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இச்செய்தி கேட்டுச் சைவருட் சிலர், சிவலிங்கத்தைப் புறத்தே அனுப்பினரே என வருந்தினர். அவ்வருத்தம் எமக்கு உடன்பாடன்று. சிவலிங்கத்திற்குத் தமிழ்நாட்டில் இடமில்லாமற் போகவில்லை. தம்மை மறுத்தாரின் இல்லத்துட் புகுந்து அவரைத் தம்மவராக்கிக் காட்டுதல் சைவத்தின் வலிமையைக் காட்டாது. அவர் வினாவிற்கு விடையின்மையையே காட்டும்.

விடை எழுதப்படுதல் வேண்டும். ஆறாந் திருமுறையுள் அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளான் இயன்றது. சித்தாந்த நூற்பயிற்சி உடையார் ஒருவர், இன்ன அடிகள் நமக்கு உடன்பாடு, இன்ன அடிகள் சிவசமவாதத்தின்பாற் படும், இன்ன அடிகள் நமக்கு அறிவுறுத்தல் என்று அதனை அடியடியாக ஆராய்ந்து உரைத்தல் நம் ஆதீனங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அகவலின் முற்பகுதியில் வரும் சோதி என்னும் சொல், திருவாசகத்திலும் திருமந்திரத்திலும் வரும் அச்சொல்லோடு எவ்வளவு ஒக்கும் என்பதனை வரும் இதழில் ஆராயத் தொடங்குவாம்.